எது உண்மையான நளன்?
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மேடைக்கு வருமுன் பரிசுப் புத்தகங்கள் அடுக்கியிருந்த மேசைப் பக்கம் நின்றிருந்தேன். ஒரு தாயார் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அட்டையில் ஒரு பெண், அவள் பின்னால் புகை மாதிரி ஓர் உருவம். "ஏன் சார், இது பேய்க் கதையா, காதல் கதையா? புள்ளைங்க கையில குடுக்கலாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் இன்றைக்கு அதையே என் பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன். விந்தையும் காதலும் கலந்த கதைகளை எப்படி இனம் பிரித்துப் பார்ப்பது?

இதைச் சொல்ல எனக்கு ஒரு கடமையும் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் நான் ஒரு பள்ளியில் நூலக அலமாரிக்குப் பொறுப்பாக இருந்தேன். ஆறாம் ஆண்டில் ஒரு மாணவி. வாரத்துக்கு இரண்டு புத்தகம் எடுப்பாள். ஒரு நாள் அவள் கையில் ஒரு மெல்லிய புத்தகம். அட்டையில் கொம்பு முளைத்த மிருகம் ஒன்று ஓர் இளம் பெண்ணின் முன்னால் மண்டியிட்டிருந்தது. நான் உள்ளே ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. "இந்த வயசுல பேயும் காதலுமா?" என்று பிடுங்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவள் அலமாரிப் பக்கமே வரவில்லை. ஒரு வாசகியை நான் இழந்தேன். அதைவிட மோசம், அவள் வாசிப்பை இழந்தாள்.

அந்தக் கதையின் முடிவைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது விஷயத்துக்கு வருவோம்.

பால் வெட்டும் அன்பர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. ஒரே மரம், ஒரே பால். ஆனால் மங்கில் இருக்கும் வெள்ளைப் பால் வேறு, கட்டிப்பால் வேறு, வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பால் வேறு. மூன்றையும் ஒன்றாகக் கொட்டி நிறுத்தால் ஒப்புக்கொள்வார்களா? கதைகளும் அப்படித்தான். பேய் வந்தால் பேய்க் கதை, காதல் வந்தால் காதல் கதை என்று நாம் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டி விடுகிறோம்.

நம் முன்னோர் இதற்கு ஓர் அழகான உவமையை விட்டுப் போயிருக்கிறார்கள். நளன் தமயந்தி கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். புகழேந்திப் புலவர் நளவெண்பாவாகப் பாடிய கதை. சுயம்வர மண்டபத்தில் தமயந்தி மாலையோடு வருகிறாள். அங்கே ஒரு நளன் இல்லை, ஐந்து நளன்! இந்திரன், அக்கினி, எமன், வருணன் நால்வரும் நளன் உருவம் எடுத்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்று. அவள் அடையாளம் பார்த்தாள். கண் இமைக்கிறதா, கால் தரையில் படுகிறதா, கழுத்து மாலை வாடியிருக்கிறதா. இந்தச் சின்ன அடையாளங்களால் உண்மை நளனைக் கண்டுபிடித்தாள். நாமும் கதைக்கு அடையாளம் பார்ப்போம். நான்கு அடையாளம் போதும்.

முதல் அடையாளம்: கதையில் விந்தை உண்டா?

இது சுலபம் போலத் தெரியும். ஆனால் பலர் இங்கேயே தவறுகிறார்கள். ராஜா, ராணி, கோட்டை, கத்திச் சண்டை வந்தால் விந்தைக் கதை என்று நினைக்கிறார்கள். கல்கி 1944 முதல் 1946 வரை தொடராக எழுதிய சிவகாமியின் சபதத்தில் காதல் உண்டு, போர் உண்டு. ஆனால் அதன் அடித்தளம் பல்லவர் காலத்து மனிதர்களின் ஆசையும் வைராக்கியமும். அது சரித்திரக் கதை. பழைய காலம் வேறு, நடக்க முடியாதது நடப்பது வேறு.

இரண்டாம் அடையாளம்: நடுக்கால் எது?

வீட்டுக்கு நடுக்கால் ஒன்று உண்டு. அதைப் பிடுங்கினால் கூரை இறங்கிவிடும். மற்றக் கால்களைப் பிடுங்கினால் வீடு ஆடும், விழாது. கதையில் காதலைப் பிடுங்கிப் பாருங்கள். கதை நிற்கிறதா? பிறகு விந்தையைப் பிடுங்கிப் பாருங்கள். காதல் நிற்கிறதா? இரண்டில் எதைப் பிடுங்கினாலும் கூரை விழுந்தால் அதுதான் விந்தைக் காதல் கதை.

இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் 1897-ல் டிராகுலா என்ற நாவலை எழுதினார். அதில் இரத்தம் குடிக்கும் பிரபு வருகிறான். ஜோனதன், மினா என்ற அன்பான ஜோடியும் உண்டு. ஆனால் அத்தனை பேரும் ஓடுவது எதற்கு? அந்தப் பிரபுவைத் தேடி அழிப்பதற்கு. நடுக்கால் பயம். ஆகவே அது திகில் கதை. நூறு வருடம் கழித்து, 2005-ல், அமெரிக்காவில் ஸ்டெபனி மேயர் என்ற அம்மையார் டுவைலைட் எழுதினார். அதிலும் இரத்தம் குடிப்பவன் வருகிறான். ஆனால் கதை முழுக்க ஒரே கேள்விதான்: பெல்லா என்ற அந்தப் பெண்ணும் எட்வர்ட் என்ற அவனும் சேர்வார்களா, மாட்டார்களா? நடுக்கால் காதல். இரண்டிலும் வருவது இரத்தம் குடிப்பவன்தான், ஆனால் இரண்டும் ஒரே இனம் இல்லை.

இவற்றுக்கு இடையில் இன்னோர் இனம் உண்டு. இன்றைய நகரத்தில் பேயும் மந்திரமும் உலாவும். கதாநாயகனுக்கு அவற்றைத் துப்பறிவதே தொழில். ஜிம் புட்சர் என்பவர் 2000-லிருந்து எழுதிவரும் டிரெஸ்டன் வரிசை அப்படிப்பட்டது. சிகாகோ நகரத்தில் ஒரு மந்திரவாதி துப்பறிகிறான். காதல் வரும், போகும். அவன் வேலை நிற்காது. காதலைப் பிடுங்கினாலும் அடுத்த வழக்கு வந்துவிடும். இதை நகர மாயக் கதை எனலாம்.

நம் தமிழிலும் ஒன்று சொல்கிறேன். எழுத்தாளர் சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் என் இனிய இயந்திரா என்ற தொடரை எழுதினார். நிலா என்ற பெண் காணாமல் போன தன் கணவனைத் தேடுவதில் கதை சூடு பிடிக்கிறது. அட, காதல் கதை என்று நினைப்போம். ஆனால் போகப் போகக் கதை ஒரு சர்வாதிகார ஆட்சியைப் பற்றியதாக விரிகிறது. ஜீனோ என்ற இயந்திர நாய் எல்லோர் மனதையும் பிடித்துக்கொள்கிறது. அது அறிவியல் கதை. வாசல்படி காதல், வீடு வேறு.

மூன்றாம் அடையாளம்: விந்தை எங்கிருந்து வருகிறது?

மந்திரத்திலிருந்து வந்தால் மாயக் காதல் கதை. செத்தவர், பேய், இரத்தம் குடிப்பவர் என்று மறு உலகத்திலிருந்து வந்தால் ஆவிக் காதல் கதை. இயந்திரம், கிரகம், ஆய்வுக்கூடம் என்று வந்தால் அறிவியல் காதல் கதை.

கேட்க எளிது. ஆனால் வேலிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் கதைகளும் உண்டு. காலம் தாண்டிப் போகும் கதைகளைப் பாருங்கள். டயானா கபால்டன் 1991-ல் வெளியிட்ட அவுட்லாண்டர் நாவலில் கிளேர் என்ற தாதி 1945-ல் ஸ்காட்லாந்தில் பழங்காலக் கல் வட்டம் ஒன்றில் கை வைக்கிறாள். 1743-ல் போய் விழுகிறாள். ஆட்ரி நிஃபெனெகர் 2003-ல் வெளியிட்ட நாவலில் ஹென்றி என்ற நூலகரும் காலம் தாண்டுகிறான். ஆனால் அவனுக்கு அது பிறவியிலேயே உடம்பில் வந்த கோளாறு, வைத்தியரிடம் போகிறான். இரண்டு பேரும் செய்வது ஒன்றுதான். ஆனால் ஒன்றில் கல், மற்றதில் உடம்பு. முதலாவது மாயத்தின் பக்கம் சாய்கிறது, இரண்டாவது அறிவியலின் பக்கம் சாய்கிறது. என்ன நடக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எதனால் நடக்கிறது என்று கதை சொல்வதையும் கேட்க வேண்டும்.

நான்காம் அடையாளம்: முடிவு.

மேல்நாட்டில் காதல் நாவல் எழுதுபவர்களுக்கு ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு. காதல்தான் கதையின் மையமாக இருக்க வேண்டும். முடிவு மனதுக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். வாசகர் அதை நம்பித்தான் காசு கொடுக்கிறார். முடிவில் பிரிவோ சாவோ வந்தால் அது காதல் சோகக் கதை. நான் சொன்ன ஹென்றியின் கதை அப்படி முடிகிறது. நல்ல கதைதான். ஆனால் சிரிக்க வைக்கும் என்று நினைத்து எடுத்தவர் அழுதுகொண்டுதான் மூடுவார்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. 1957-ல் சிங்கப்பூரில் பொந்தியானாக் என்ற மலாய்ப் படம் வந்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். நடித்தவர் மரியா மெனாடோ. கூன் விழுந்த ஒரு பெண் மந்திரத்தால் அழகியாகிறாள். ஆனால் இரத்தத்தைச் சுவைக்கக் கூடாது என்பது நிபந்தனை. கல்யாணம் ஆகிறது. ஒரு நாள் கணவனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. அவள் நஞ்சை வாயால் உறிஞ்சி எடுக்கிறாள். அந்த இரத்தத்தின் சுவையால் பொந்தியானாக் ஆகிவிடுகிறாள். பாருங்கள், கணவன் மேல் வைத்த அன்பினால்தான் அவள் பேயானாள்! அப்படியானால் இது காதல் கதையா? முடிவை வைத்துப் பார்த்தால் திகில் கதை. ஆனால் அந்தத் திகிலின் வேரில் காதல் இருக்கிறது. இப்படிக் கலந்து நிற்பதை ஒரு பெயருக்குள் அடக்க வேண்டியதில்லை. எந்தப் பங்கு எது என்று தெரிந்தால் போதும்.

இன்னும் ஓர் உதாரணம், அந்த மலையை ஜொகூர் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். 1,276 மீட்டர் உயரம், குனோங் லேடாங். அங்கே வாழ்ந்த இளவரசியைப் பற்றிச் செஜாரா மெலாயு என்ற பழைய நூல் சொல்கிறது. மலாக்கா சுல்தான் மாமூட் அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். அவள் சீர்வரிசை கேட்கிறாள். மலாக்காவிலிருந்து மலை வரைக்கும் பொன்னில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம், தட்டுத் தட்டாகக் கொசுவின் இதயம், கண்ணீர், இவையெல்லாம் போதாதென்று சுல்தானின் இரத்தத்தில் ஒரு கிண்ணம், அவர் மகன் இரத்தத்தில் ஒரு கிண்ணம்! மகன் இரத்தம் என்றதும் சுல்தான் நின்றுவிட்டார். அங்கே விந்தை உண்டு, பெண் கேட்டல் உண்டு, காதல் எங்கே? இல்லை. "எனக்கு இஷ்டமில்லை" என்பதை அரசனிடம் நேராகச் சொல்ல முடியாத ஒரு பெண் சொன்ன விதம் அது. அதே இளவரசியை வைத்து 2004-ல் புத்ரி குனோங் லேடாங் என்ற படம் வந்தது. அதில் அவள் ஹங் துவா மேல் காதல் கொள்கிறாள். படம் முழுக்க அந்தக் காதலால் நிற்கிறது. ஒரே மலை, ஒரே இளவரசி. பழைய நூலில் மறுப்புக் கதை, படத்தில் மாயக் காதல் கதை. ஆகவே பெயரைக் கேட்டவுடன் "எனக்குத் தெரியும்" என்று முடிவு கட்டக் கூடாது.

பெரியோர்களே, இப்படிப் பிரித்துப் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று கேட்கலாம். பரீட்சையில் கேட்கப் போவதில்லை. ஆனால் இனம் தெரிந்தால்தான் அந்தக் கதையிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும். என்னைக் கேட்டால் இந்தக் கதைகளிடம் கேட்க வேண்டிய பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஒருவர் "வேண்டாம்" என்று சொன்னால் கதையில் என்ன நடக்கிறது?

எந்திரன் படத்தை 2010-ல் எல்லோரும் குடும்பத்தோடு பார்த்தோம். சிட்டி என்ற இயந்திர மனிதனுக்கு உணர்ச்சி வருகிறது. சனா மேல் ஆசை வருகிறது. அவள் மறுக்கிறாள். அந்த மறுப்பை அவனால் தாங்க முடியவில்லை. பிறகு எத்தனை அழிவு! அது காதல் பாட்டு உள்ள அறிவியல் கதை. மறுப்பை ஏற்கத் தெரியாத அறிவு எவ்வளவு ஆபத்து என்று சொல்லும் கதை. "சிட்டி பாவம், அவ ஒத்துக்கிட்டிருக்கலாம்" என்று ஒரு பையன் சொன்னால், அதை அப்படியே விடக் கூடாது. உட்கார வைத்துப் பேச வேண்டும்.

டுவைலைட் கதையில் அந்த எட்வர்ட் இரவில் பெல்லாவுக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். கதைக்குள் அது காதல். நம் லயத்தில் ஒருவன் அப்படிச் செய்தால்? போலீசுக்குத்தான் போவோம். இதைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் கதையை ரசித்துக்கொண்டே புரிந்துகொள்ள முடியும். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். வசிய மருந்து, வசிய மை என்று விளம்பரம் செய்து ஏழைகளிடம் பணம் பிடுங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாயக் காதல் கதையை மாயக் கதை என்று தெரிந்து படித்த பிள்ளை அவர்களிடம் ஏமாறாது.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். புத்தகத்தைப் பிடுங்குமுன் முதல் பத்துப் பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும் படியுங்கள். படிக்க நேரமில்லையா? இரவுச் சாப்பாட்டின்போது "கதையை எனக்குச் சொல்லு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். சொல்லத் தொடங்கினாலே அது பயத்தில் நிற்கிறதா, காதலில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். வயதுக்கு மீறியது என்றால் "இது உனக்குப் பதினாறு வயசில, இப்ப இதைப் படி" என்று வேறொன்றைக் கொடுங்கள். வெறுங்கையோடு மட்டும் அனுப்பாதீர்கள். மாணவச் செல்வங்களே, நீங்களும் ஒளித்துப் படிக்காதீர்கள். ஒளித்துப் படிக்கும் கதையைப் பற்றி யாரிடமும் கேட்க முடியாமல் போகும்.

இப்போது நான் ஒத்திவைத்த கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு பசாரில் ஓர் அம்மாள் என்னை நிறுத்தினார். கையில் ஒரு பெண் குழந்தை. "சார், என்னைத் தெரியலையா?" அதே மாணவி. நலம் விசாரித்தோம். போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், அந்தப் பொண்ணு அப்பாவைப் பாக்க வீட்டுக்கு வந்துச்சே, திரும்பிப் போச்சா?" எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு சுருக்கென்றது. இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பிள்ளை பாதிக் கதையோடு நின்றிருக்கிறது!

எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் நான் அந்தக் கதையைத் தேடிப் படித்தேன். பிரெஞ்சு நாட்டில் வில்நேவ் அம்மையார் 1740-ல் நீளமாக எழுதிய கதை அது. 1756-ல் லெப்ரான்ஸ் தெ பொமோன் என்ற அம்மையார் அதைச் சுருக்கி எழுதினார். அவர் யார் தெரியுமா? பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஓர் ஆசிரியை! பிள்ளைகளுக்காக ஓர் ஆசிரியை எழுதிய கதையைத்தான், பிள்ளைக்கு ஆகாது என்று ஓர் ஆசிரியன் பூட்டி வைத்தேன்.

அதில் அந்த மிருகம் ஒவ்வொரு இரவும் "என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?" என்று கேட்கும். அவள் ஒவ்வொரு இரவும் "மாட்டேன்" என்பாள். மாளிகை அதனுடையது, பலம் அதனுடையது. ஆனாலும் பெருமூச்சு விட்டு எழுந்து போய்விடும். மறுப்பை மதிக்கத் தெரிந்த மிருகம் அது. அவள் தகப்பனைப் பார்க்க வேண்டும் என்றதும் ஒரு வாரத்துக்கு அனுப்பி வைக்கிறது. அக்காமார்களின் சூதால் அவள் நாள் கடத்திவிடுகிறாள். மிருகம் சாகக் கிடப்பதாகக் கனவு கண்டு, யாரும் கட்டாயப்படுத்தாமல், தானாகவே திரும்பிப் போகிறாள். தானாகவே "சம்மதம்" என்கிறாள். அதற்குப் பிறகுதான் சாபம் நீங்குகிறது.

பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை படிக்க வேண்டிய கதையா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

சுயம்வர மண்டபத்திலும் அதே சங்கதிதான். தமயந்தி நளனுக்கு மாலை போட்டதும் நான்கு தேவர்களும் அவள் முடிவை ஏற்று வாழ்த்திப் போனார்கள். ஏற்க முடியாதவன் கலி ஒருவன்தான். அவனால்தான் அந்தக் குடும்பம் அத்தனை துன்பப்பட்டது.

அந்தப் புத்தகத்தை வாங்கி அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டேன். அன்று பிடுங்கியதற்கு ஈடாகாது, தெரியும். ஆனால் இப்போது அவர் மகள் அதைப் படிக்கிறாளாம். இன்றைக்கு இந்த மேசையில் இருக்கும் புத்தகங்களில் ஒன்றுகூடப் பாதியில் நிற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, பரிசு பெறும் பிள்ளைகள் அனைவரையும் வாழ்த்தி அமர்கிறேன்.